மலிவு விலை முடி நடவு பேக்கேஜ்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

முடி நடவு விளம்பரங்களில் பத்தைப் பார்த்துவிட்டால் பதினொன்றாவதை மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். கிராஃப்டுக்கு (பெயர்த்து நடும் சிறு முடிக்கொத்து) வரம்பு கிடையாது, வலி கிடையாது, தழும்பு கிடையாது, பிஆர்பி (சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் ஊசி) இலவசம், எளிய தவணை, வாழ்நாள் உத்தரவாதம். இந்த ஆறில் சொன்னபடி கிடைப்பது தவணை ஒன்றுதான். அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது, பிறகு வருவோம்.

கையில் பணம் குறைவாக இருப்பவர்களைக் குறிவைத்து விற்கப்படுவதுதான் எல்லாம் சேர்த்து ஒரே விலை என்னும் இந்த பேக்கேஜ். எல்லாமே மோசடி என்று ஒதுக்கிவிட முடியாது. சிக்கனமாகச் செய்து ஒழுங்காக முடித்துக் கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. அவர்கள் எதைக் குறைத்து விலையை இறக்குகிறார்கள், மற்றவர்கள் எதைக் குறைக்கிறார்கள் என்பது பில்லைப் பிரித்துப் பார்த்தால்தான் புரியும். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பணம் போதவில்லையா, நடும் பரப்பைக் குறையுங்கள். கிராஃப்ட் எண்ணிக்கையைக் குறையுங்கள். நடுகிற கையின் தரத்தில் மட்டும் பேரம் பேசாதீர்கள். 4,000 கிராஃப்டை மலிவாக நடுவதைவிட, அதே பணத்தில் 1,800 கிராஃப்டைத் தேர்ந்த ஒருவரிடம் நட்டுக்கொள்வது நல்லது.

பின்மண்டையின் கையிருப்பு

பின்மண்டையிலும் காதுகளுக்கு மேலே பக்கவாட்டிலும் இருக்கும் முடி, வழுக்கைக்குக் காரணமான டிஹெச்டி ஹார்மோனுக்கு அவ்வளவாக மசியாது. அங்கிருந்து பெயர்த்து முன்மண்டையில் நட்டாலும் அந்தக் குணம் மாறுவதில்லை. நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959இல் எழுதி வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் இன்று வரை மொத்தத் தொழிலும் நிற்கிறது. ஆனால் நடவு என்பது இடமாற்றம் மட்டுமே. புதிதாக ஒரு முடிகூட உண்டாவதில்லை. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது.

கணக்கைப் பாருங்கள். மயிர்க்கால்கள் தனித்தனியாக இருப்பதில்லை. ஒன்று முதல் நான்கு முடி வரை சேர்ந்த சிறு கொத்தாக இருக்கும். ஒரு கொத்துதான் ஒரு கிராஃப்ட். நல்ல அடர்த்தியுள்ள பின்மண்டையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 80 கொத்து இருக்கும். தைரியமாக எடுக்கக்கூடிய பரப்பு 150 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் மொத்தம் 12,000 கொத்து. அதில் பாதிக்கு மேல் எடுத்தால் மண்டைத்தோல் வெளியே தெரிய ஆரம்பிக்கும். ஆக வாழ்நாள் முழுவதற்கும் கையிருப்பு சுமார் 6,000. அடர்த்தி குறைந்தவர்களுக்கு 4,000 தாண்டாது.

இந்த நிலையில் வரம்பில்லாத கிராஃப்ட் என்று ஒருவர் சொல்வதற்கு என்ன பொருள்? ஒரே நாளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் உருவி எடுத்துவிடுவார் என்று பொருள். அவசரத்தில் வேலை செய்பவர்கள் 150 சதுர சென்டிமீட்டரிலும் பரவலாக எடுப்பதில்லை. கைக்கு வசதியான நடுப்பகுதியிலேயே தோண்டுவார்கள். 75 சதுர சென்டிமீட்டரில் இருந்து 4,000 எடுத்தால் அங்கே மிச்சமிருப்பது சதுர சென்டிமீட்டருக்கு 27 கொத்து. முடியை ஒட்ட வெட்டினால் பூச்சி அரித்த கம்பளி மாதிரி இருக்கும். முன்பக்கம் நட்டது சரியாக வராவிட்டால் திருத்தலாம். பின்பக்கம் காலியானதைத் திருத்துவதற்கு வழி ரொம்பக் குறைவு: தாடி முடியை எடுத்து நிரப்பலாம், அல்லது மண்டையில் புள்ளி புள்ளியாக நிறமேற்றலாம். இரண்டுக்கும் தனிச் செலவு.

நடும் பக்கத்துக் கணக்கு இன்னும் எளிது. இயல்பான அடர்த்தியில் ஏறக்குறைய பாதி இருந்தாலே கண்ணுக்கு நிறைவாகத் தெரியும். சதுர சென்டிமீட்டருக்கு 40 கிராஃப்ட் நல்ல அளவு. நெற்றியிலிருந்து முன்மண்டை வரை 50 சதுர சென்டிமீட்டர் காலியாக இருந்தால் 2,000 கிராஃப்ட் வேண்டும். உச்சிச் சுழி 60 சதுர சென்டிமீட்டர் என்றால், 35 வீதம் நட்டாலும் 2,100. இரண்டையும் ஒரே சமயத்தில் நிரப்பப் பணம் இல்லாதவர் முன்பக்கத்தை மட்டும் செய்துகொள்வதே சரி. முகத்துக்குச் சட்டம் போடுவது முன்முடிதான். உச்சியை மற்றவர்கள் பார்ப்பது குறைவு. போதாததற்கு உச்சி வழுக்கை சுற்றிலும் விரிந்துகொண்டே போகும் சுபாவம் உடையது. இன்று சுழியை நிரப்பி, ஐந்து வருடம் கழித்துச் சுற்றிலும் வழித்துப்போனால், நடுவில் ஒரு தீவு மட்டும் நிற்கும்.

முன்முடிக்கோட்டைப் பதினெட்டு வயதில் இருந்த இடத்துக்கே இறக்கித் தரச் சொல்லாதீர்கள். புருவ மத்தியிலிருந்து 7 முதல் 9 சென்டிமீட்டர் உயரத்தில், நெற்றியின் இரு ஓரத்துப் பொட்டுப் பக்கம் சற்றே ஏறிய கோடு ஐம்பது வயதிலும் பொருந்தும். ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கினால் அந்தப் பட்டையை நிரப்பவே நூற்றுக்கணக்கான கிராஃப்ட் தேவைப்படும். பணமும் கையிருப்பும் சேர்ந்து போகும்.

எதை எண்ணி பில் போடுகிறார்கள்

கிராஃப்டுக்கு இவ்வளவு என்பது ஒரு முறை. அமர்வுக்கு இவ்வளவு என்பது இன்னொன்று. முடிக்கு இவ்வளவு என்று சொல்பவர்களும் உண்டு. இங்கேதான் முதல் ஏமாற்று. ஒரு கிராஃப்டில் சராசரியாக இரண்டுக்குச் சற்று மேல் முடி இருக்கும். 4,000 முடி என்று விற்கப்படுவது உண்மையில் 1,800 கிராஃப்டுதான். விலை மலிவாகத் தெரிவது அதனால்.

கிராஃப்டுக்கு விலை வைக்கும் இடத்தில் வேறொரு தந்திரம். மூன்று முடிக் கொத்தை நறுக்கி மூன்று ஒற்றை முடிக் கிராஃப்டாக ஆக்கினால் எண்ணிக்கை மூன்று மடங்கு, முடி அதேதான். ஒற்றை முடிக் கிராஃப்ட் நெற்றி ஓரத்து இரண்டு மூன்று வரிசைக்குக் கட்டாயம் தேவை, அங்கே கொத்து கொத்தாக நட்டால் பொம்மைத் தலை போலிருக்கும். அதற்குப் பின்னால் இரண்டு, மூன்று, நான்கு முடிக் கொத்துகள் போக வேண்டும். ஆகவே பில்லில் மொத்த எண்ணிக்கை மட்டும் இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை, மூன்று நான்கு எத்தனை என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒழுங்கான இடங்களில் எப்படியும் இந்தக் கணக்கை அன்றைக்கே எழுதி வைக்கிறார்கள். அப்படி எழுதித் தருவதற்கு யோசிக்கிறவர்கள் எண்ணவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை கிராஃப்ட் வேண்டும் என்று யார் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து விற்பனைப் பிரிவு ஆலோசகர் சொல்லும் எண், மாத இலக்குக்கான எண். டாக்டர் நேரில் தலையைப் பார்த்து, பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பின்மண்டை அடர்த்தியை அளந்து, காலிப் பரப்பைக் குறித்துச் சொல்வதுதான் மதிப்பீடு. அந்தக் கருவியில் இன்னொன்றும் தெரியும்: பின்மண்டை முடியே மெலிந்துகொண்டு வருகிறதா என்று. அப்படி மெலிந்திருந்தால் நடவு கூடவே கூடாது, ஏனென்றால் எடுத்து நடும் முடியும் உதிரப் போகிற முடிதான். வட்ட வட்டமாக உதிரும் புழுவெட்டு, தழும்போடு மயிர்க்காலை அழிக்கும் அழற்சி நோய்கள், காய்ச்சலுக்கோ பிரசவத்துக்கோ பின் வரும் தற்காலிக உதிர்வு ஆகியவற்றுக்கும் நடவு பதில் கிடையாது. பெண்களுக்குப் பெரும்பாலும் தலை முழுக்கப் பரவலாக மெலியும். இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்காமல் நடவுக்குத் தேதி கொடுக்கும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம். இருபத்தைந்துக்குக் கீழ் இருப்பவர்களுக்கு வழுக்கை எதுவரை போகும் என்றே இன்னும் தெரியாது. காத்திருப்பதற்குப் பணம் ஆகாது.

யார் கை

மலிவு பேக்கேஜில் விலை எப்படி இறங்குகிறது என்பதற்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது.

வேலையின் அளவைப் பாருங்கள். துளையிட்டு எடுக்கும் முறையில், பழகிய கைக்கு மணிக்கு 500 கிராஃப்ட் எடுக்கலாம். 2,000 கிராஃப்டுக்கு நான்கு மணி நேரம். நடும் இடத்தில் 2,000 கீறல் போட ஒரு மணிக்கு மேல். பிறகு ஒவ்வொன்றாகப் பொருத்த மூன்று நான்கு மணி நேரம். காலையில் ஆரம்பித்தால் மாலையாகிவிடும். ஒரே டாக்டரின் பெயரில் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு பேருக்குச் செய்யும் இடத்தில் அந்த டாக்டர் உங்கள் தலையைத் தொடப்போவதில்லை. நெற்றியில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார். மிச்சத்தை டெக்னீஷியன்கள் பார்ப்பார்கள்.

டெக்னீஷியன் இருப்பதே தவறா என்றால், இல்லை. கிராஃப்டைப் பிரிப்பதும் பொருத்துவதும் உலகம் முழுக்க அனுபவமுள்ள டெக்னீஷியன்கள் செய்கிற வேலைதான், அதில் டாக்டரைவிடக் கை தேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் தோலில் துளையிடுவதும் கீறுவதும் அறுவைச் சிகிச்சை. அதை டாக்டர் செய்ய வேண்டும். 1993இல் தொடங்கிய சர்வதேச முடி மீட்பு அறுவைச் சிகிச்சைச் சங்கம், உரிமமில்லாதவர்கள் துளையிட்டு நடும் கள்ளச் சந்தையை எதிர்த்து ஒரு பிரசார இயக்கமே நடத்துகிறது. அப்படிக் கெட்டுப்போன தலைகளை அதன் உறுப்பினர்கள் இலவசமாகச் சரிசெய்து கொடுக்கத் தனியாக ஒரு நாள் ஒதுக்கும் அளவுக்கு நிலைமை போயிருக்கிறது.

கை தேறாதவர் செய்தால் என்ன கெடும்? முடி தோலுக்குள் சாய்ந்து போகிறது. வெளியே தெரியும் சாய்வும் உள்ளே இருக்கும் சாய்வும் ஒன்றல்ல. 0.8 முதல் 1 மில்லிமீட்டர் அகலமுள்ள துளைக்கருவி கோணம் தப்பினால் வேர் நடுவில் வெட்டுப்படும். நல்ல கைக்கு இப்படி வெட்டுப்படுவது நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்கும். வெட்டுப்பட்டதையும் எண்ணிக்கையில் சேர்த்து பில் போட்டால் நீங்கள் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒரு வருடம் கழித்து முளைக்காதபோதுதான் தெரியும்.

அடுத்தது காய்ந்து போவது. எடுத்த கிராஃப்ட் ஈரமும் குளிர்ச்சியும் உள்ள கரைசலில் இருக்க வேண்டும். பாபி லிம்மர் என்ற மருத்துவரின் ஆய்வில், குளிர்ந்த உப்புநீரில் வைத்த கிராஃப்டுகள் இரண்டு மணி நேரத்தில் நட்டால் 95 விழுக்காடும், ஆறு மணி நேரத்தில் நட்டால் 86 விழுக்காடும் பிழைத்தன. அதாவது நேரம் கொஞ்சம் இழுத்தாலும் சமாளிக்கலாம். ஆனால் நடுபவரின் கையுறை மேல் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் சில நிமிடம் காயவிட்டால் அந்தச் சமாளிப்பு இல்லை. இடுக்கியால் வேர்க்குமிழைப் பிடிப்பது இன்னொரு கேடு. மேல்பக்கத் திசுவைப் பிடித்துத்தான் செருக வேண்டும்.

கீறலின் கோணமும் பார்வைக்கு முக்கியம். நெற்றி ஓரத்தில் முடி தோலை ஒட்டிப் படுத்தாற்போல் முன்னோக்கி வர வேண்டும். செங்குத்தாக நட்டால் அடர்த்தி எவ்வளவு இருந்தாலும் செயற்கை என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். கோணத்தைப் பிறகு மாற்ற முடியாது. துளையிட்டு எடுத்து வேறிடத்தில் நட வேண்டியதுதான்.

எனவே பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் நாலே நாலு. துளையிடுவது யார்? கீறல் போடுவது யார்? அன்றைக்கு அந்த டாக்டருக்கு எத்தனை பேர்? நடுபவர்கள் நிரந்தர ஊழியர்களா, அன்றைய கூலிக்கு வருபவர்களா? பதிலை வாயால் வாங்காமல் ஒப்புதல் படிவத்திலேயே பெயரோடு எழுதி வாங்குங்கள்.

மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த தோல் துறைகளில் இந்தச் சிகிச்சை இருந்தால் அதை முதலில் விசாரியுங்கள். பயிற்சி மருத்துவர் செய்தாலும் மேலே ஒரு மூத்தவர் நின்று பார்ப்பார், கட்டணமும் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். காத்திருப்பு நீளும், ஒரு தடவைக்குச் செய்யும் கிராஃப்ட் எண்ணிக்கையும் குறைவாக இருக்கும். பணம் குறைந்தவருக்கு இவை பெரிய குறைகளே அல்ல.

பேரு பெத்த பேரு

டிஹெச்ஐ என்று தனிச் சிகிச்சை மாதிரி விற்கிறார்கள். முடியை எடுப்பது வழக்கமான துளை முறைதான். நடும்போது மட்டும் பேனா போன்ற கருவியில் கிராஃப்டை ஏற்றி, கீறுவதையும் செருகுவதையும் ஒன்றாகச் செய்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் முடிகளுக்கு நடுவே நட அது வசதி. அதற்காக இரு மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. நீலக்கல் கத்தி என்பது கீறலுக்கான கத்தி, அவ்வளவே. கூர்மை நீடிக்கும். உலோகக் கத்தியால் அழகாகச் செய்பவரும் உண்டு, நீலக்கல்லால் கெடுப்பவரும் உண்டு. ரோபோ, தங்கம், பயோ, ஸ்டெம் செல் என்று முன்னால் ஒட்டிய எந்தச் சொல்லுக்கும் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

பிஆர்பி உங்கள் ரத்தத்தையே சுழற்றித் தட்டணுக்கள் செறிந்த பகுதியை ஊசியால் ஏற்றுவது. மெலிந்த முடிக்குச் சிலரிடம் பலன் இருக்கிறது. ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. நடவோடு ஒரு தடவை இலவசமாகப் போட்டுவிட்டு, மாதம் ஒன்று என்று அடுத்த ஆறுக்குப் பணம் கேட்பது வழக்கமான விற்பனை முறை. பட்ஜெட் இறுக்கமாக இருப்பவர்கள் முதலில் வெட்ட வேண்டிய வரி இது. அந்தப் பணம் முடி உதிர்வைத் தடுக்கும் மாத்திரைக்குப் போகட்டும்.

தலையை மழிக்காமல் செய்வதற்கும் கூடுதல் கட்டணம் உண்டு. இரண்டு வாரம் தொப்பி போட முடிந்தால் அந்தப் பணம் மிச்சம், டாக்டருக்கும் வேலை சுத்தமாக வரும்.

தையல் போடும் முறையை ஏன் மறைக்கிறார்கள்

எஃப்யூடி என்ற பட்டை முறை இப்போது பழைய பாணி என்று ஒதுக்கப்படுகிறது. பணம் குறைந்தவருக்கு அதை நாங்கள் இன்னும் பரிந்துரைப்போம், ஒரு நிபந்தனையோடு. பின்மண்டையில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் 25 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோல் பட்டையை எடுத்தால், 80 வீதம் 2,000 கொத்து கிடைக்கும். நுண்ணோக்கி வைத்து நாலு பேர் உட்கார்ந்து பிரிப்பார்கள். வேர் வெட்டுப்படுவது குறைவு, வேரைச் சுற்றிக் கொழுப்புத் திசு ஒட்டியிருப்பதால் காய்வதும் தாமதமாகும். பல இடங்களில் கிராஃப்ட் விலையும் துளை முறையைவிடக் குறைவு. மண்டை முழுக்க அடர்த்தி குறையாததால், பின்னாளில் துளை முறையில் எடுக்கக் கையிருப்பு மிச்சமிருக்கும்.

நிபந்தனை தழும்பைப் பற்றியது. காதிலிருந்து காது வரை மெல்லிய கோடு நிரந்தரமாக இருக்கும். மேல் முடியை ஓரிரு சென்டிமீட்டர் வளர்த்தால் மறையும். பக்கவாட்டை மொட்டையாகச் சிரைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒத்துவராது. தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். கனமான எடை தூக்கும் வேலையில் இருப்பவர்களுக்குத் தழும்பு அகன்றுபோகும் அபாயம் உண்டு. தடித்த தழும்பு வரும் தோல் உள்ளவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

துளை முறையில் தழும்பு இல்லை என்பதும் சரியல்ல. ஆயிரக்கணக்கான வெள்ளைப் புள்ளித் தழும்புகள் இருக்கும், பரவலாக எடுத்திருந்தால் கண்ணுக்குப் படாது.

பட்டை முறையை மலிவு பேக்கேஜ்காரர்கள் சொல்லாததற்குக் காரணம் எளிது: அதைச் செய்யத் தைக்கத் தெரிந்த டாக்டரும், பிரிக்கத் தெரிந்த குழுவும் வேண்டும். துளைக்கருவியை யார் கையிலும் கொடுத்துவிடலாம்.

மரத்துப்போகும் ஊசி

இந்த ஒரு வரியில் எந்தச் சிக்கனமும் கூடாது. தலை முழுக்க லிக்னோகெயின் ஊசி போடுகிறார்கள். அட்ரினலின் சேர்ந்ததற்கு மேல் வரம்பு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவருக்கு 420 மில்லிகிராம். இரண்டு சதவீதக் கரைசலில் 21 மில்லி. பின்பக்கம், முன்பக்கம், மரப்பு குறையும்போது மறுபடி என்று போய்க்கொண்டே இருந்தால் இந்த அளவை எளிதில் தாண்டிவிடலாம். வாயைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், நடுக்கம் என்று ஆரம்பித்து வலிப்பிலும் இதயத் துடிப்புக் கோளாறிலும் முடியக்கூடும். யாராவது அளவை எழுதிக்கொண்டே வர வேண்டும். அறையில் ஆக்சிஜன், நாடியும் ஆக்சிஜன் அளவும் காட்டும் கருவி, அவசர மருந்துகள், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த டாக்டர் இருக்க வேண்டும். அழகு நிலையத்தின் மாடி அறையில் இவை இருக்காது.

முன்கூட்டியே ரத்தப் பரிசோதனையும் தேவை: ரத்த எண்ணிக்கை, சர்க்கரை, உறைதல் நேரம், ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி. ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது. பரிசோதனை எதுவும் கேட்காமல் மறுநாளே வரச் சொல்வது வேகமான சேவை என்று நினைத்துவிடாதீர்கள்.

பில்லில் வராத செலவு

நட்ட முடி நிற்கும். அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த முடி தொடர்ந்து கொட்டும். அதைப் பிடித்து வைக்க மருந்து வேண்டும். மினாக்ஸிடில் தடவுவது, டாக்டர் ஒப்புக்கொண்டால் ஆண்களுக்கு ஃபினாஸ்டிரைடு தினம் 1 மில்லிகிராம். அமெரிக்காவில் முதலாவது 1988இலும் இரண்டாவது 1997இலும் தலைமுடிக்காக அனுமதி பெற்றவை. இரண்டும் காப்புரிமை முடிந்து மலிவான பொது மருந்துகளாகக் கிடைக்கின்றன. நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் கிடைத்த பலன் போய்விடும். ஃபினாஸ்டிரைடால் சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறைவது, மனச்சோர்வு வருவது உண்டு. கருவுறக்கூடிய பெண்கள் அதை எடுக்கக் கூடாது. புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ சோதனை எண்ணையும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால் சோதனை செய்யும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பட்ஜெட்டுக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அறுவைக்கு முன்பே ஒரு வருடம் மருந்து எடுத்துப் பாருங்கள். கொட்டுவது நின்று, மெலிந்தவை கொஞ்சம் தடித்தால் தேவையான கிராஃப்ட் எண்ணிக்கையே குறையும். சிலர் அத்தோடு நடவு எண்ணத்தை விட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் மருந்துக்குச் செலவழிக்க முடியாது என்பவர், நடவுக்கான பட்ஜெட் போடும் முன் முடியை ஒட்ட வெட்டிப் பார்க்கட்டும்.

மற்றபடி, மொத்தச் செலவில் சேர்க்க வேண்டியவை: பரிசோதனைகள், ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரை, உப்புநீர்த் தெளிப்பான், வேலைக்குப் போகாத ஒரு வாரத்துச் சம்பளம், வெளியூர் என்றால் தங்குமிடமும் மறுவருகைகளும். பத்து வருடத்தில் இரண்டாவது அமர்வு வரலாம் என்பதையும்.

தவணையின் கொக்கி

வட்டியில்லாத் தவணை என்று சொல்லும் இடத்தில், மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். குறைக்கும் அந்தத் தொகைதான் வட்டி. அதற்கு மேல் செயலாக்கக் கட்டணம் என்று ஒன்றைத் தனியாகப் பிடிப்பார்கள். கடன் கொடுப்பது பெரும்பாலும் வெளி நிதி நிறுவனம். பணம் முதல் நாளே கிளினிக்குக்குப் போய்விடும். முடி முளைக்காவிட்டாலும், கிளினிக் மூடிவிட்டாலும், தவணை உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். இதுதான் அந்தக் கொக்கி.

இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பதற்கு மயங்காதீர்கள். அதே தள்ளுபடி அடுத்த மாதமும் இருக்கும். முன்பணம் கட்டியே ஆக வேண்டுமானால், பரிசோதனையில் தகுதியில்லை என்று வந்தால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுதியிருக்க வேண்டும். திட்டமிட்டதைவிடக் குறைவாக நட்டால் நட்ட எண்ணிக்கைக்கே கட்டணம் என்றும் இருக்கட்டும். சிக்கனத்துக்குச் சரியான வழி கடன் அல்ல, பிரித்துச் செய்வது: இந்த வருடம் முன்பக்கம், கையில் பணம் சேர்ந்தபின் நடுமண்டை. முதல் அமர்வில் கை எப்படி என்பதும் தெரிந்துவிடும்.

முதல் பத்து நாள்

இந்தப் பகுதிக்கு எந்தக் கட்டணமும் இல்லை, கெடுத்துக்கொள்வது மட்டும் எளிது. முதல் நாலைந்து இரவு தலையைச் சாய்வாக உயர்த்திப் படுக்க வேண்டும். நட்ட இடத்தில் எதுவும் உரசக் கூடாது. சொன்ன இடைவெளியில் உப்புநீர் தெளிக்க வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து நெற்றி வீங்கி கண்ணுக்கு இறங்கலாம், ஓரிரு நாளில் வடிந்துவிடும். முதல் அலசலை முடிந்தால் கிளினிக்கிலேயே செய்துகொண்டு முறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: நுரையை மேலே வைத்து, அழுத்தாமல், குவளையால் ஊற்றி. பொருக்கு ஏழு முதல் பத்து நாளில் தானாக உதிரும். அதற்கு முன் நகத்தால் பெயர்த்தால் கிராஃப்டும் கூடவே வரும். ரத்தம் வந்தால் போனது கிராஃப்ட் என்று அர்த்தம். ஒன்பது பத்து நாளுக்குப் பிறகு கிராஃப்ட் வெளியே வராது. புகை பிடிப்பவர்கள் முன்னும் பின்னும் நிறுத்த வேண்டும், ரத்த ஓட்டம் குறைந்தால் நட்டது பிடிக்காது. சீழ், காய்ச்சல், தோல் கறுத்துப்போவது என்றால் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் காத்திருக்காமல் நேரில் போங்கள்.

வாழ்நாள் உத்தரவாதம்

இரண்டு வாரத்துக்குப் பின் நட்ட முடி உதிர ஆரம்பிக்கும். ஆறாவது வாரத்துக்குள் பெரும்பாலானது போய்விடும். வேர் உள்ளே இருக்கும், பதற வேண்டாம். பக்கத்தில் இருந்த பழைய முடியும் அதிர்ச்சியில் கொட்டலாம். தடித்த முடி திரும்ப வரும், ஏற்கெனவே பூனைமுடியாக மெலிந்தது வராமலும் போகலாம். மூன்று நான்கு மாதத்தில் முளை தெரியும், ஆறு மாதத்தில் ஓரளவு வடிவம் வரும், பன்னிரண்டு மாதத்தில் முன்பக்கம் முடிந்ததாகச் சொல்லலாம். உச்சிக்குப் பதினெட்டு மாதம்கூட ஆகும்.

உத்தரவாத அட்டையில் இந்தக் காலக்கெடு எதுவும் இருக்காது. எத்தனை சதவீதம் முளைக்க வேண்டும், யார் எப்படி அளப்பார்கள், குறைந்தால் பணம் திரும்புமா அல்லது மறுபடி நடுவார்களா, மறுபடி நட்டால் கட்டணமா என்று கேட்டால், விற்பனைப் பிரிவு சிரிக்கும். மறுபடி இலவசமாக நடுவதாகச் சொன்னாலும் அது உங்கள் பின்மண்டைக் கையிருப்பிலிருந்துதான் வர வேண்டும். அட்டையைவிட மதிப்புள்ளவை வேறு: அறுவை அன்றைய குறிப்பின் நகல், அதில் கிராஃப்ட் வகைவாரியான எண்ணிக்கை, துளைக்கருவியின் அளவு, மரப்பு மருந்தின் மொத்த அளவு, செய்தவர்களின் பெயர். அறுவைக்கு முன் முன்பக்கமும் பின்பக்கமும், முடி ஈரமாகவும் காய்ந்தும், ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்கள். அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

ஆறாவது மாதத்தில் கூப்பிட்டு, அடர்த்தி போதவில்லை, இரண்டாவது அமர்வுக்கு இப்போதே பதிவு செய்தால் பாதி விலை என்பார்கள். அப்போது கட்டாதீர்கள். எது முளைக்கும், எது முளைக்காது என்று அந்த மாதத்தில் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.